ஓடம் வண்டியில் ஏறும்போது

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பெரியவர்கள் சொல்வது உண்டு. மனித வாழ்வின் ஏற்ற இறக்கத்துக்காகச் சொன்ன பழமொழி அது. ஆனால் நாகப்பட்டினத்தில் கயிறு, வலை, மிதவை, ஃபைபர் படகுக்கான ரெசின், மேட் என்று மொத்த வியாபாரம் செய்துவரும் எங்களுக்கு, ஓடம் வண்டியில் ஏறுவது அன்றாட வேலை. அந்த வேலையில் நாங்கள் பட்ட ஒரு நஷ்டத்தையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தையும் உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். படகு விற்காதவர்களும் படிக்கலாம். சரக்கை வண்டியில் ஏற்றாத வியாபாரி நம்மில் யார் இருக்கிறார்கள்?

படகு வியாபாரம் வந்த வழி

எங்கள் தகப்பனார் காலத்தில் கடையில் படகு விற்றதில்லை. கட்டுமரமும் மர வள்ளமும் அந்தந்த ஊர்க் கரையிலேயே கட்டப்பட்டன. கட்டிய இடத்திலிருந்து தண்ணீருக்கு உருட்டிச் சென்றால் வேலை முடிந்தது. 1980களில் ஃபைபர் படகுகள் நம் கரைக்கு வரத் தொடங்கின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்கக் கடல் மீன்பிடித் திட்டத்தார், அலை உடையும் மணற்கரையில் ஏற்றி இறக்கத்தக்க படகுகளை அப்போது வடிவமைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு நிலைமை அடியோடு மாறிவிட்டது. கட்டுமரங்கள் இருந்த கரைகளில் எல்லாம் ஃபைபர் படகுகள் வந்து நின்றன.

ஃபைபர் படகு அச்சில் வார்த்து எடுக்கப்படுவது. அச்சு எங்கே இருக்கிறதோ அங்கேதான் படகு பிறக்கும். கடலுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டரோ, நூறு கிலோமீட்டரோ, சாலைப் பயணம் உண்டு. ரெசினும் மேட்டும் எங்களிடம் வாங்கிய வாடிக்கையாளர்கள், "மொதலாளி, படகையும் நீங்களே கொண்டுவந்து சேர்த்துடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படித்தான் நாங்களும் ஒரு டிரெய்லர் செய்து வாங்கினோம். இரண்டு சக்கரம், 22 அடி நீளம், முன்னால் கையால் சுற்றும் வின்ச். உள்ளூர்ப் பட்டறையில் செய்ததுதான். உறுதியான சாமான். அதில் எந்தக் குறையும் இல்லை. குறை எங்களிடம் இருந்தது.

நடந்தது என்ன

2008ஆம் ஆண்டு. ஒரு விடுதிக்காரருக்குச் சின்ன உல்லாசப் படகு ஒன்றை ஏற்றி அனுப்பினோம். அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டையான படகு அது. அதற்குத் தக்கபடி டிரெய்லரின் இரண்டு பக்கத் தாங்கு கட்டைகளையும் உயர்த்தி வைத்திருந்தார்கள். அது சரிதான். அடுத்த வாரம் வேதாரண்யம் செல்லும் வழியில் உள்ள ஒரு மீனவக் கிராமத்துக்கு 28 அடிப் படகு போக வேண்டும். நல்ல ஏரா உள்ள, கடல் தொழிலுக்கான படகு. (படகின் அடியில் முன்னிருந்து பின் வரை ஓடும் முதுகெலும்பைக் கரையோரத்தில் ஏரா என்பார்கள்.) கட்டைகளை இறக்கி, உருளைகளை ஏராவுக்கு முட்டுகிற உயரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். ஸ்பேனர் எடுத்தால் ஒரு மணி நேர வேலை. அன்றைக்கு முகூர்த்த நாள். வாங்கியவர் நல்ல நேரத்துக்குள் படகு கரைக்கு வர வேண்டும் என்றார். "அப்படியே ஏற்றுங்கள், போய்விடும்" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நாங்கள்தான்.

படகு ஏறிற்று. பார்வைக்கு அழகாகத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் ஏராவுக்கும் உருளைக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி. முக்கால் டன் படகும் நான்கடி நீளமுள்ள இரண்டு கட்டைகளின் மேல்தான் நின்றது. அதிலும் ஒரு கட்டை வெயிலில் காய்ந்து சுருங்கியதால், அதைப் பிடித்திருந்த போல்ட்டின் தலை மேலே எழும்பியிருந்தது. போகும் வழியில் பள்ளம் மேடு எத்தனையோ. ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த ஒரு போல்ட் தலை படகின் அடியில் குத்திக்கொண்டே போயிருக்கிறது.

இறக்கியபோது எங்கள் பையன்கள் அதைக் கண்டார்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி நட்சத்திரம் போல மயிரிழைக் கோடுகளும். எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நாங்களும் குனிந்து பார்த்தோம். மேல்பூச்சில் ஏற்பட்ட கீறல் என்று எண்ணி, மெழுகு பாலிஷ் போட்டுத் துடைக்கச் சொன்னோம். துடைத்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாங்கியவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, படகு தண்ணீரில் இறங்கியது.

மூன்று மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கல்லாவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "மொதலாளி, படகு கனக்குது. முன்ன மாதிரி அலையில எழும்ப மாட்டேங்குது. முந்தாநாள் நானும் மகனும் பாதி வழியிலேயே வலையைச் சுருட்டிக்கிட்டு, தண்ணி இறைச்சு இறைச்சுக் கரை சேர்ந்தோம்" என்றார். அவருடைய மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிய படகு அது.

படகைக் கவிழ்த்து அந்த இடத்தை அரத்தால் தேய்த்துப் பார்த்தோம். மேலே நாணய அளவில் இருந்த பழுது, உள்ளே கைப்பிடி அகலத்துக்கு விரிந்திருந்தது. நார் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து வெளுத்துப்போயிருந்தன. அந்த வழியாகக் கடல் நீர் கசிந்து, படகின் உள்தளத்துக்கு அடியில் மிதப்புக்காக வைத்திருந்த நுரைப்பொருளில் ஊறி நின்றிருந்தது. படகு கனத்ததற்குக் காரணம் அதுதான்.

பழுது பார்த்துக் கொடுத்தோம். வேலை நடந்த நாட்களில் அவர் தொழிலுக்குப் போகாததற்கும் ஈடு கொடுத்தோம். எல்லாம் சேர்த்துப் பேரேட்டில் கூட்டியபோது, அந்தப் படகில் எங்களுக்கு நின்ற லாபத்தைப் போல மூன்று மடங்கு செலவு. அது போகட்டும். தண்ணீர் இறைத்துக் கரை சேராமல் போயிருந்தால் அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இன்றுவரை அந்த நினைப்பு எங்களை விடவில்லை.

ஃபைபர் ஏன் இப்படி உடைகிறது

கடலில் மிதக்கும் படகை நீர் முழுவதுமாக ஏந்திக்கொள்கிறது. அடிப்பாகத்தின் ஒவ்வொரு சாணுக்கும் தன் பங்குச் சுமை மட்டுமே. அதே படகை வண்டியில் ஏற்றினால் மொத்தச் சுமையும் நான்கைந்து இடங்களில் இறங்குகிறது. கடலுக்குச் செய்த உடலைத் தரையில் வைத்துக் குலுக்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

மரப் பலகை அடிபட்டால் நசுங்கும், நமக்குத் தெரியும். ஃபைபர் அப்படி அல்ல. வெளியே பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட் என்னும் மேல்பூச்சு. அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். உள்ளே கண்ணாடி நாரும் ரெசினும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் குத்துச்சுமை விழுந்தால் அந்த இடம் உள்வாங்கி, சுமை விலகியதும் பழையபடி எழும்பிவிடும். நார் அடுக்கு உள்ளே பிரிந்திருக்கும். வெளியே நட்சத்திரக் கோடு மட்டும் தெரியும். ஆகவே நட்சத்திரக் கோட்டைக் கண்டால் பாலிஷ் டப்பாவைத் தேடாதீர்கள். பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மண்பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்யும் சோதனைதான்.

இன்னொரு வகைக் கேடு மெதுவாக வருவது. தாங்கு கட்டை படகின் பின்பலகை வரை நீளாமல் இரண்டடி முன்னதாகவே முடிந்துவிட்டால், அந்த இரண்டடியும் அந்தரத்தில் தொங்கும். அதில் எஞ்சினும் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். வெயிலில் வாரக்கணக்கில் அப்படியே நின்றால், கட்டை முடியும் இடத்தில் படகின் அடி மெல்ல வளைந்துவிடும். பிறகு தண்ணீரில் அந்தப் படகு நேராக ஓடாது, எண்ணெயும் கூடுதலாகக் குடிக்கும். உரிமையாளர் எஞ்சினைக் குறை சொல்லி மெக்கானிக்குக்கு அழுதுகொண்டிருப்பார்.

ஓடாவி சொன்ன முறை

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மர வள்ளம் கட்டிய காலத்திலிருந்து ஓடாவி வேலை பார்த்து ஓய்ந்திருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்து டிரெய்லரைக் காட்டினோம். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, படகுக்கு எங்க எலும்பு இருக்கோ அங்க தாங்கு. எலும்பு இல்லாத எடத்துல சும்மா தொட்டுக்கிட்டு இரு, அது போதும்" என்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் கிட்டங்கியில் அதுதான் சட்டம். அவர் காட்டிய முறையையும், பிறகு அனுபவத்தில் நாங்கள் சேர்த்துக்கொண்டவற்றையும் வரிசையாகத் தருகிறோம்.

1. முதலில் படகைப் பாருங்கள். ஏற்றும் முன் உள்ளே இறங்கி, குறுக்குத் தடுப்புகளும் நெடுக்குத் தாங்கிகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்து, வெளிப்புறத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள்தான் படகின் எலும்பு. தாங்குவது எல்லாம் அந்தக் கோட்டின் கீழே வர வேண்டும்.

2. ஏரா உள்ள படகுக்கு எடை ஏராவில் இறங்க வேண்டும். நடு உருளைகள் அத்தனையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரு நூல் கட்டிப் பார்த்தால் உயர்ந்திருப்பதும் தாழ்ந்திருப்பதும் தெரிந்துவிடும். ஒரே ஓர் உருளை அரை அங்குலம் உயர்ந்திருந்தாலும் மொத்தச் சுமையும் அதன் தலையில்தான். எங்கள் டிரெய்லரில் முன்பு மூன்று உருளைகள் இருந்தன, இப்போது ஐந்து. சுமை பங்கிட்டுக்கொள்ளும் கைகள் கூடக் கூட ஒவ்வொரு கைக்கும் பாரம் குறையும்.

3. பக்கக் கட்டைகள் படகு சாயாமல் அணைத்துப் பிடிக்க வேண்டும். நீளமாக இருப்பது நல்லது. நான்கடிக் கட்டைகளைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டடிக் கட்டைகள் போட்டோம். படகின் அடி எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் கட்டையின் முகமும் இருக்க வேண்டும். கட்டையின் விளிம்பு மட்டும் படகைத் தொட்டால் அது கட்டையல்ல, கத்தி.

4. ஏரா இல்லாத தட்டையடிப் படகுக்கு முறை வேறு. அங்கே பக்கக் கட்டைகள்தான் எடையைச் சுமக்க வேண்டும். உருளைகள் வழிகாட்ட மட்டுமே. ஆகவே படகு மாறினால் அமைப்பும் மாற வேண்டும். நாங்கள் தவறிய இடம் இதுதான்.

5. பின்பலகைக்கு நேர் கீழே தாங்கல் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசிக் கட்டையோ உருளையோ பின்பலகையோடு முடியட்டும். முடிந்தவரை எஞ்சினைக் கழற்றித் தனியாக ஏற்றுங்கள்.

6. போல்ட் தலைகள் மரத்துக்குள் புதைந்திருக்க வேண்டும். கட்டையின் மேல் கார்ப்பெட் அல்லது கனத்த ரப்பர் சுற்றி, அதன் ஆணிகளைக் கட்டையின் அடிப்பக்கத்தில் அடியுங்கள். மேல்பக்கம் ஓர் ஆணிகூட இருக்கக் கூடாது. மரம் காயும், சுருங்கும். மாதம் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள்.

7. முன்புறம் அணியம் வந்து முட்டும் ரப்பர்க் கட்டையும், வின்ச்சும் சரியான உயரத்தில் இருக்க வேண்டும். அணியத்தில் உள்ள இழு வளையத்துக்கு ஏறக்குறைய நேராக நாடா இழுக்க வேண்டும். வின்ச் மிகத் தாழ்ந்திருந்தால் இழுக்க இழுக்க அணியம் கீழே அழுந்தி, முதல் உருளையில் ஏரா நசுங்கும். இரும்புக் கயிற்றைவிட அகல நாடா நல்லது.

8. பின் குறுக்குச் சட்டத்தில் ஓர் உருளை வையுங்கள். ஏற்றும்போது படகு முதலில் இடிப்பது அந்த இரும்பில்தான். சட்டத்தின் இரு ஓரங்களிலும் ரப்பர் சுற்றிய நெட்டுக் கம்பிகள் இருந்தால், காற்றிலும் அலையிலும் படகு கோணலாக ஏறாது.

அமைத்த பிறகு சோதிக்க ஒரு வழி உண்டு. கட்டைகளின் மேல் சாக்பீஸ் தூளைத் தடவிப் படகை ஏற்றி, மறுபடி இறக்கிப் பாருங்கள். படகின் அடியில் தூள் நீளக் கோடாகப் படிந்திருந்தால் அமைப்பு சரி. திட்டுத் திட்டாகப் படிந்திருந்தால் சுமை அந்தத் திட்டுகளில்தான் இறங்குகிறது என்று பொருள். யு-போல்ட்டுகளைத் தளர்த்தி, மாற்றி, மறுபடி முடுக்குங்கள். முடுக்கிய போல்ட்டை முதல் இருபது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை முடுக்க வேண்டும். புது மரமும் புது வாஷரும் அமுங்கிக் கொடுக்கும்.

தராசு சொல்லும் கணக்கு

படகு நன்றாக உட்கார்ந்தால் மட்டும் போதாது. டிரெய்லரின் மூக்கு இழுக்கும் வண்டியின் கொக்கியில் எவ்வளவு எடையோடு அமர்கிறது என்பதும் முக்கியம். மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை மூக்கில் இருக்க வேண்டும் என்பது படகு டிரெய்லருக்கான பொதுவான அளவு. குறைந்தால் ஓடும்போது டிரெய்லர் வாலாட்டும். அந்த ஆட்டத்தில் படகு கட்டையை விட்டு நழுவி அடியில் தேயும். கூடினால் இழுக்கும் வண்டியின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரத்தின் பிடி குறையும்.

இதை எப்படி அளப்பது என்று மலைக்க வேண்டாம். நம் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு இருக்கிறதே, அது போதும். சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கொக்கியில் மாட்டும் உயரத்திலேயே மூக்கு நிற்கும்படி தராசின் மேல் ஒரு கட்டையை வைத்து இறக்குங்கள். எங்கள் படகு 700 கிலோ, டிரெய்லர் 450 கிலோ, மொத்தம் 1,150 கிலோ. அப்படியானால் மூக்கில் 60 முதல் 115 கிலோ வரை இருக்கலாம். நிறுத்துப் பார்த்தால் 25 கிலோதான் காட்டியது. டிரெய்லர் ஏன் வால் ஆட்டியது என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று.

படகை முன்னால் தள்ளினால் மூக்கின் எடை கூடும். ஆனால் பின்பலகை கடைசித் தாங்கலை விட்டு முன்னால் போய்விடும், அமைத்த அமைப்பெல்லாம் கெடும். ஆகவே படகை அசைக்காமல், ஆக்சிலின் யு-போல்ட்டுகளைத் தளர்த்திப் பத்து அங்குலம் பின்னுக்குத் தள்ளினோம். தராசு 75 கிலோ காட்டியது. அன்று முதல் வாலாட்டம் நின்றது. இரு பக்கமும் ஆக்சில் ஒரே அளவு நகர்ந்திருக்கிறதா என்று மூக்கிலிருந்து நாடா பிடித்து அளந்துகொள்வது அவசியம்.

ஏற்றும்போதும் நிறுத்தும்போதும்

ஆற்றுச் சரிவில் டிரெய்லரை இறக்கிப் படகை ஏற்றுவோர் பலர் செய்யும் தவறு, டிரெய்லரை அளவுக்கு மீறித் தண்ணீரில் இறக்குவது. படகு மிதந்தபடியே மேலே வந்துவிடும், சுலபமாகத் தோன்றும். ஆனால் வண்டி மேலேறும்போது படகு எங்கே உட்காரும் என்பது நம் கையில் இல்லை. குறைவாக இறக்கினால் படகை உலர்ந்த கட்டையில் இழுத்துத் தேய்க்க நேரும். கட்டைகளின் முன்பகுதி நீருக்கு மேலே தெரிய, பின்பகுதி மூழ்கியிருக்கும் அளவு நல்லது. கட்டைகளை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினால் பேரிங்குக்குள் உப்புநீர் உறிஞ்சப்படும். சற்று ஆறவிட்டு இறக்குங்கள். வேலை முடிந்ததும் டிரெய்லரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பட்டறையில் செயின் பிளாக்கில் தூக்குவதானால் அகலமான பெல்ட் போடுங்கள். இரும்புக் கயிறு ஃபைபரின் விளிம்பைத் தின்றுவிடும். கட்டும்போதும் அப்படியே. பின்பலகையின் இரு பக்கமும் கட்டி, அணியத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். படகின் நடுவில் மேலாக ஒரே கயிற்றைப் போட்டு லோடுக்காரர் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால், பக்கச் சுவர் உள்வாங்கி உள்ளே இருக்கும் ஒட்டு விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டிரெய்லரில் நிற்கும் படகைத் திறந்து போட்டுவிடாதீர்கள். ஐந்து மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் ஏறக்குறைய 600 கிலோ. படகின் மேல் இன்னொரு படகை ஏற்றியது போல. அடி அடைப்பானைக் கழற்றிவிட்டு, அணியத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் நீர் தானே வடிந்துவிடும். தண்ணீரில் இறக்கும் முன் அடைப்பானைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம். சாவிக் கொத்தோடு சேர்த்து அதைக் கட்டி வைப்பது எங்கள் வழக்கம்.

அவசரம் வரும் நாள்

நேரம் இருக்கும்போது இதையெல்லாம் செய்யலாம், அவசரத்தில் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைத் தெருக்களில் மீனவர்கள் படகு கொண்டுவந்து மக்களை மீட்டதை நாடே கண்டது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளத்தின் கொல்லம், திருவனந்தபுரம் கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி, வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். சுவரிலும் மரத்திலும் மோதியும், ஏற்றி இறக்கியதிலும் பல படகுகள் பழுதாகித் திரும்பின. உயிர் காக்கப் போன இடத்தில் படகுக்குக் கணக்குப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

ஆனால் அன்றைக்குக்கூட ஒன்று செய்திருக்கலாம். லாரியின் வெறுந்தளத்தில் படகை வைக்காமல், மணல் மூட்டைகளையோ பழைய டயர்களையோ ஏராவின் இரு பக்கமும் வரிசையாக அடுக்கி அதன் மேல் வைத்தால், சுமை பரவிவிடும். கரையோர வியாபாரிகள் பழைய டயர்கள் இருபதும் அகல பெல்ட்டுகள் நான்கும் கிட்டங்கியில் தயாராக வைத்திருப்பது அந்த நாளில் ஊருக்கே உதவும். எங்கள் கிட்டங்கியில் வைத்திருக்கிறோம்.

பொறுப்பு யாருடையது

படகு பழுதானால் பட்டறைக்காரர் ஏற்றியவரைச் சொல்வார், ஏற்றியவர் சாலையைச் சொல்வார், வாங்கியவர் கடையைத்தான் சொல்வார். அது நியாயமும்கூட. பணம் வாங்கியது நாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைச் செய்தவரோடு விற்றவருக்கும் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். பொருளைப் பொருத்துவதிலும், சோதிப்பதிலும், பராமரிப்பதிலும் தக்க கவனம் எடுக்காமல் அதனால் தீங்கு நேர்ந்தால் விற்பவர் பதில் சொல்ல வேண்டும். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கும் மீனவரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான். போக்குவரத்து இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றும் முழுமையாக நம்ப முடியாது. சரக்கைக் கட்டியதிலும் தாங்கல் கொடுத்ததிலும் குறை இருந்தால், அதனால் வந்த சேதம் பொதுவாக விலக்கில் போய்விடும். பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

எங்கள் கடையில் இப்போது உள்ள வழக்கம் இது. ஏற்றும் முன் ஒரு முறை, இறக்கியதும் ஒரு முறை, படகின் அடிப்பாகத்தை வாங்கியவரோடு சேர்ந்து பார்க்கிறோம். இரண்டு முறையும் படம் எடுத்து வைக்கிறோம். சிட்டையில் "அடிப்பாகம் பார்க்கப்பட்டது" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். கோடு ஏதேனும் தெரிந்தால், "இப்படி ஒரு கோடு இருக்கிறது, பழுது பார்த்துத்தான் தருவோம்" என்று நாங்களே முதலில் சொல்லிவிடுகிறோம். இதனால் இதுவரை ஒரு வியாபாரமும் போனதில்லை.

மற்ற வியாபாரத்துக்கும் இதுதான்

கண்ணாடிப் பலகை விற்பவர், சிமென்ட் தகடு விற்பவர், பி.வி.சி. குழாய் விற்பவர், குளிர்பெட்டி விற்பவர், எல்லோருக்கும் இது பொருந்தும். நீளச் சரக்கின் வால் தாங்கலின்றித் தொங்கக் கூடாது. தட்டைச் சரக்கின் கீழே ஒரு கல்கூட இருக்கக் கூடாது. போன வாரம் வேறு சரக்குக்கு அமைத்த வண்டியில் இந்த வாரச் சரக்கை அப்படியே ஏற்றக் கூடாது. வண்டியைச் சரக்குக்குத் தக்கபடி மாற்ற வேண்டுமே தவிர, வண்டிக்குத் தக்கபடி சரக்கு வளைந்து கொடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அந்த வேதாரண்யம் வழி வாடிக்கையாளர் பிறகு என்ன ஆனார் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். பழுது பார்த்த படகில் பல ஆண்டுகள் தொழில் செய்தார். அன்று அவரோடு தண்ணீர் இறைத்த மகன் வளர்ந்து, தனக்கென ஒரு படகு வாங்க எங்களிடமே வந்தார். ஏற்றும் அன்று தகப்பனாரும் உடன் வந்து, ஒன்றும் பேசாமல் டிரெய்லருக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு கட்டையையும் கையால் தடவிப் பார்த்தார். நாங்களும் அவர் பக்கத்தில் குனிந்து தடவிக் காட்டினோம். "சரிதான் மொதலாளி, கட்டுங்க" என்றார். பிறகுதான் கயிறு போட்டோம்.